2002 ஹோண்டா சிட்டி விடெக்: பதினொன்றரை வருஷம் ஓட்டி விற்றவனின் மதிப்புரை

2025 ஆவணியில் என் சிட்டி விடெக்கை விற்றேன். 2002 ஜூனில் பதிவான வண்டி, டி.என். 38, நான் இரண்டாவது ஓனர். கைக்கு வந்தது 3,85,000 ரூபாய். 2014 பிப்ரவரியில் நான் கொடுத்தது 1,45,000. இந்த இரண்டு எண்ணும் வெளியே தெரிந்ததிலிருந்து கோயமுத்தூர் கணபதியில் என் லேத் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பழைய வண்டி ஒண்ணு வாங்கிப் போட்டா காசு ரெண்டு மடங்காயிருமுங்களாண்ணா?"

ஆகாது. ஏன் ஆகாது என்பதை என் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டே சொல்கிறேன். ஆனாலும் அந்த வண்டியை வாங்கியது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் வண்டி. ஹோண்டா சிட்டி இந்தியாவுக்கு 1998 ஜனவரியில் வந்தது. ஆரம்பத்தில் 1.3 லிட்டர், 1.5 லிட்டர் என்று இரண்டு எஞ்சின். 90 குதிரைத்திறன், 100 குதிரைத்திறன். கொஞ்ச காலம் கழித்து முகத்தை மாற்றி, 1.5-இல், சுற்று ஏறினால் வால்வை அதிகம் திறக்கும் விடெக் எஞ்சினையும் கொண்டுவந்தார்கள். 106 குதிரைத்திறன். வண்டியின் எடை ஏறத்தாழ ஒரு டன்தான். அன்றைக்கு நம் ரோட்டில் ஓடிய கார்களை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று புரியும். 2003-இல் இந்த மாடலை நிறுத்திவிட்டு அடுத்த சிட்டி வந்தது. இடவசதி அதிகம், மைலேஜ் அதிகம், எஞ்சின் மட்டும் 77 குதிரைத்திறன். குடும்பத்துக்கு அது நல்ல வண்டி; ஓட்டுவதற்காகவே கார் வைத்திருந்தவர்கள் பழைய விடெக்கை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 2008-இல் 118 குதிரைத்திறனோடு வேறொரு சிட்டி வந்தபோதும் அவர்கள் மாறவில்லை. புது வண்டி பெரிது, கனம். பழையதில் உட்கார்ந்தால் ரோடு தொடைக்குக் கீழே ஓடுவது போல இருக்கும்.

இன்றைக்கு அதன் விலைக்கு அடிப்படைக் காரணம் இதுதான். கம்பெனி நிறுத்திவிட்டது, அதே குணத்தில் இன்னொன்று வரவில்லை. 1996-இல் நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் விலை நம் ஊரில் எப்படி ஏறியது என்று எல்லோரும் பார்த்தோம். காரில் அது மெதுவாக நடக்கிறது, எல்லா வண்டிக்கும் நடப்பதும் இல்லை.

விலை நேராக ஏறியதா என்றால் அதுவும் கிடையாது. நான் வாங்கிய 2014-இல் பழைய பெட்ரோல் கார்களைச் சீந்த ஆளில்லை. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். டீசலுக்கு 2014 அக்டோபர் வரை அது இருந்தது. இடைப்பட்ட நாலு வருஷம் ஊரே டீசல் காருக்குப் பின்னால் போனது. லிட்டருக்குப் பத்து, பதினொன்று கொடுக்கும் விடெக்கை வைத்திருந்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். எத்தனையோ நல்ல வண்டிகள் அப்போதுதான் கண்டபடி கைமாறி, ஸ்பிரிங் வெட்டப்பட்டு, சைலன்சர் மாற்றப்பட்டு, கடைசியில் உக்கடத்துப் பழைய இரும்போடு போய்ச் சேர்ந்தன. தப்பித்து நிற்பவை கொஞ்சம். அதனால்தான் தேடுகிறவர்கள் கையில் காசோடு வருகிறார்கள்.

எனக்கு விற்றவர் பீளமேட்டில் ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு நீல நிற ஃபைலைக் காட்டினார். ஷோரூமில் எடுத்த நாள் ரசீதிலிருந்து கடைசி ஆயில் சர்வீஸ் வரை தேதிவாரியாக இருந்தது. அதோடு ஒரு கோடு போட்ட நோட்டு: ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டபோதும் தேதி, லிட்டர், கி.மீ., மைலேஜ். பன்னிரண்டு வருஷம் ஒரே கையெழுத்து. 84,000 கி.மீ. ஓடியது என்று மீட்டர் காட்டியது. நோட்டும் அதையேதான் சொன்னது.

அதே வாரம் திருப்பூர் ரோட்டில் ஒரு கார் கன்சல்டிங்கில் இன்னொரு விடெக் பார்த்திருந்தேன். மீட்டரில் 61,000. பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தார்கள். கிளட்ச் பெடலின் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. டிரைவர் சீட்டின் கதவோரப் பஞ்சு உள்ளே அமுங்கியிருந்தது. கண்ணாடிகளின் மூலையில் தயாரித்த வருஷத்துக்கான குறி இருக்கும். மூன்று கதவுக் கண்ணாடியில் ஒரே குறி, நாலாவதில் வேறு; அது மாற்றிய கண்ணாடி. அறுபதாயிரத்தில் பெடல் அப்படித் தேயாது. விலை 1,10,000 சொன்னார்கள். மாஸ்டரின் வண்டிக்கு 35,000 அதிகம் கொடுத்தேன். அந்த 35,000 காருக்குக் கொடுத்தது இல்லை, நீல ஃபைலுக்குக் கொடுத்தது. இந்த மாதிரி வண்டிகளில் மாடல் பெயருக்கு ஒரு விலை, அதற்கு முன்னால் வைத்திருந்த ஆளுக்கு ஒரு விலை. இரண்டாவதுதான் பெரிது. பழைய கார் வாங்க யார் யோசனை கேட்டாலும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இனி ஓட்டம். காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் தையல் மெஷின் போல ஓடும். டவுனுக்குள் இது சாதாரணக் கார், கொஞ்சம் சோம்பேறி என்றே சொல்லலாம். இரண்டாவது கியரில் விடாமல் மிதித்து, மீட்டர் முள் மேலே ஏற ஏறத்தான் வண்டி ஆள் மாறும். எஞ்சினுக்குள் நடப்பது இதுதான்: கேம் ஷாஃப்டில் வால்வைத் திறக்க இரண்டு விதமான வளைவு வெட்டியிருக்கிறார்கள், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. குறைந்த சுற்றில் குட்டை வேலை செய்யும். சுற்று ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு சின்ன இரும்பு முள்ளைத் தள்ளி, வால்வை அழுத்தும் ராக்கர் நெம்புகோல்களை ஒன்றாகப் பூட்டும். அப்போது நெட்டை வளைவு வால்வைப் பிடித்துக்கொள்ளும். வால்வு அதிகம் திறக்கும், அதிகக் காற்று உள்ளே போகும். நாள் முழுக்க இரும்பு கடைகிற எனக்கு, விரல் நகத்தளவு முள்ளை வைத்து ஒரு எஞ்சினையே இரண்டாக்கியிருக்கிறார்களே என்ற ஆச்சரியம் பதினொன்றரை வருஷத்தில் ஒருநாளும் குறையவில்லை. அந்த இடத்தில் சத்தம் தடிக்கும். தூக்கம் கலைந்தவன் குரல் மாதிரி. கார் ரேஸ் நடக்கும் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருநாள் ஓட்டியபோது, நேர்ப் பாதை முடிகிற வரைக்கும் அந்தக் குரல் கூடவே வந்தது.

வாங்குகிறவர்கள் ஓட்டிப் பார்க்கும்போது இதைத்தான் சோதிக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, காலி ரோட்டில், இரண்டாவது கியர், கால் முழுக்க. சத்தம் தடிக்காவிட்டால் ஆயில் அளவு குறைந்திருக்கும், இல்லை அந்த ஆயில் போகிற சல்லடையில் கசடு அடைத்திருக்கும், இல்லை எஞ்சினில் அழுத்தமே போயிருக்கும். முதல் இரண்டும் சின்னச் செலவு. மூன்றாவது என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

குறைகளைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வண்டி தாழ்வு. எங்கள் தெரு வேகத்தடையில் நாலு பேர் ஏறினால் வயிறு உரசும். என் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. என் மகளைக் கல்லூரியில் விட்டுவர நான் எடுத்தது வேறு வண்டி. தகரம் மெல்லியது. நெடுஞ்சாலையில் டயர் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதில் இருக்கும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு வாங்குகிறவருக்குத்தான் இந்த வண்டி.

துரு. இருபது வருஷத்து வண்டியின் விலையைத் தின்பது எஞ்சின் கிடையாது, துருதான். 2019-இல் பின்பக்க இடது சக்கர வளைவில் பெயின்ட் அரிசியளவு கொப்பளித்தது. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். நல்ல தகரம் 'டிங்' என்கும், அந்த இடம் 'தொப்' என்றது. வளைவின் ஓரத்தில் தகரம் உள்பக்கமாக மடிந்து ஒரு பள்ளம் மாதிரி ஓடும். சக்கரம் வாரியடிக்கும் சேறு அதில் உட்காரும். அடியில் சின்ன வடிகால் துளை. அது அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். நான் ஈரத்தோடு இருந்த மண்ணை விரலால் தோண்டினேன், விரல் மறுபக்கம் வந்துவிட்டது.

டிங்கரிங் பட்டறையில் முதலில் சொன்னது, "பட்டி போட்டு மூடிரலாங்க, ஆறாயிரத்துல முடிஞ்சிரும்." வெளியே தெரியாது, ரெண்டு வருஷம் தாங்கும், அதற்குள் வண்டியைத் தள்ளிவிடலாம். சந்தையில் பாதி வண்டிகள் இப்படித்தான் நிற்கின்றன. நான் ஒத்துக்கொள்ளவில்லை. துருப்பிடித்த தகரத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டியெடுத்து, என் பட்டறையிலேயே புதுத் தகடு வளைத்துக் கொடுத்து, வெல்டிங் வைத்து, உள்பக்கம் துரு தடுப்பு அடித்து, பிறகுதான் பெயின்ட். இரண்டு பக்கமும் சேர்த்து, பின்பாதி முழுக்கப் பெயின்டோடு 72,000 ரூபாய் ஆனது. வெட்டியபோது, தகடு வைத்தபோது, பிரைமர் அடித்தபோது, ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்து, பிரின்ட் போட்டு ஃபைலில் வைத்தேன். அப்போது அதை விற்பதற்காகச் செய்யவில்லை. மாஸ்டரின் ஃபைலில் நடுவில் ஒரு இடைவெளி வரக்கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மற்ற செலவுகள்: வாங்கிய மாதமே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனர் எல்லாம் மாற்றி 14,000. பெல்ட் அறுந்தால் எஞ்சின் போச்சு. ஃபைலில் பெல்ட் மாற்றிய ரசீது இல்லாத வண்டியை வாங்கினால், வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன்னால் அதை மாற்றுவதுதான் புத்தி. 2015-இல் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், புஷ் எல்லாம் சேர்த்து 38,000. ஏசி கூலிங் காயிலும் கம்ப்ரஸரும் 31,000. டயர் இரண்டு செட் 34,000. ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ்கள், எஞ்சின் மவுன்ட் 27,000.

ஒரு செலவு மட்டும் இன்றைக்கும் வலிக்கிறது. 2016-இல், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் தகராறு செய்தது. நான் வழக்கமாகப் போகாத ஒரு ஒர்க்‌ஷாப்பில், ஒரிஜினல் என்று சொல்லி 9,000 வாங்கிக்கொண்டு டூப்ளிகேட் மாட்டினார்கள். மூன்றாவது மாதம் கருமத்தம்பட்டி பக்கத்தில், ராத்திரி பத்து மணிக்கு, லாரிகளுக்கு நடுவில் வண்டி செத்து நின்றது. அம்மா பின் சீட்டில். அவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, இறங்கி ஓரமாக நின்று புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டார்கள். அந்தக் காட்சிக்காகவே அடுத்த வாரம் 18,000 கொடுத்து, நல்ல வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினலைத் தேடிப் பிடித்து மாட்டினேன். பழைய வண்டியில் உதிரி பாகம் கிடைப்பது ஒரு பாடு, கிடைத்தது சரியானதா என்பது இன்னொரு பாடு. விலை குறைவு என்று வாங்குகிறவர்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

வேறு கை படாமல் நானே செய்த வேலை ஒன்று உண்டு, டாப்பெட் செட் பண்ணுவது, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது. இந்த எஞ்சினில் அது தானாகச் சரியாகாது, திருகு வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறிய பிறகு, மேல் மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை வால்வுக்கும் திருகுக்கும் நடுவில் நுழைப்பேன். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். தகடு லேசாக இழுபட்டு வர வேண்டும். வெண்ணெயில் கத்தி போவது போல வழுக்கினாலும் தப்பு, சிக்கினாலும் தப்பு. பதினாறு வால்வு, இரண்டு மணி நேரம். முடித்து ஸ்டார்ட் செய்தால் அந்த டிக்டிக் ஓசை போய்விடும். தேதியும் கி.மீ.யும் ஃபைலில் எழுதுவேன்.

இன்ஷூரன்ஸ் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் பழசான வண்டிக்குக் காப்பீட்டு மதிப்பு என்பது கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்வதுதான். பேசாமல் விட்டால் ஒரு சின்னத் தொகையைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். சந்தையில் மூன்று லட்சம் பெறுகிற வண்டிக்கு என் பாலிசியில் பல வருஷம் 55,000தான் இருந்தது. வண்டி எரிந்தாலும் திருடுபோனாலும் அதுதான் கைக்கு வரும். க்ளெய்ம் செய்தாலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். வண்டி பத்து வருஷம் தாண்டினால் உலோகப் பாகங்களுக்கும் பாதி கழிந்துவிடும். நீங்கள் இப்படி ஒரு வண்டி வைத்திருந்தால், புதுப்பிக்கும்போது படங்களையும் ரசீதுகளையும் காட்டி மதிப்பை உயர்த்தித் தரும்படி கேளுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. நான் கடைசி மூன்று வருஷம்தான் இதைச் செய்தேன்.

காகித விஷயம் இன்னும் முக்கியம். தனியார் காருக்கு ஆர்.சி. என்ற பதிவுச் சான்று முதலில் 15 வருஷம், அதற்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2017-இல் அதற்கு அரசுக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 2025 ஆகஸ்டில், நான் விற்கப் பேசிக்கொண்டிருந்த அதே மாதம், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். இதோடு பசுமை வரி தனி. ஐம்பது வருஷம் ஆன வண்டிகளுக்குத்தான் விண்டேஜ் பதிவு என்று தனிச் சட்டம் இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துச் சிட்டிக்கும் ஜென்னுக்கும் அந்தச் சலுகை கிடையாது. வாங்கப் போகும் வண்டியின் ஆர்.சி. எந்த வருஷம் வரை செல்லும் என்பதை விலை பேசுவதற்கு முன்னால் பாருங்கள். ஆறு மாதத்தில் முடியப் போகிறது என்றால், எஃப்.சி.யில் பாஸ் ஆவதற்கான செலவையும் விலையில் கழிக்க வேண்டும்.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு நெருக்கடி இருப்பதால் தெற்கே தள்ளுகிறார்கள், உண்மைதான். என்.ஓ.சி. என்ற ஆட்சேபணை இல்லாச் சான்று சரியாக இருந்து, இங்கே வரி கட்டி, மறுபதிவும் முடிந்து, தமிழ்நாட்டு எண் விழுந்த பிறகு என்றால் யோசிக்கலாம். "மாத்திக்கலாங்க, நம்ம ஆள் இருக்காரு" என்று புரோக்கர் சொன்னால் வேண்டாம்.

விற்ற கதைக்கு வருகிறேன். முதலில் வந்தவர் புரோக்கர். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "இருவது வருஷ வண்டிக்கு லோன் ஏதுங்க? ஒண்ணு இருவதுக்கு முடிச்சுக்கலாம்." லோன் பற்றி அவர் சொன்னது நிஜம். இத்தனை பழைய காருக்கு எந்த வங்கியும் கடன் தராது. அதனால் முழுப் பணத்தையும் கையில் வைத்திருக்கிறவர்தான் வாங்க முடியும், அப்படிப்பட்டவர்கள் குறைவு. விலை மூன்றரை, நாலு என்று கேள்விப்பட்டு, நாளைக்கே விற்றுவிடலாம் என்று இருக்கக் கூடாது. எனக்கு ஏழு மாதம் ஆனது.

இரண்டாவது, சேலத்திலிருந்து இரண்டு பையன்கள். வண்டியை வாங்கி இறக்கி, பெரிய அலாய் போட்டு, சைலன்சரை மாற்றுவதாகத் திட்டம். நாலு லட்சம் வரை தருவதாகச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லியாயிற்று, எஃப்.சி.க்குப் போனால் நிறுத்திவிடுவார்கள். அதையும் விட, இத்தனை வருஷம் ஒரு போல்ட் மாறாமல் வைத்திருந்ததை ஒரே வாரத்தில் வெட்டிப் போட நான் துணை போக முடியாது. அடுத்து வாங்குகிறவரும் ஒரிஜினலாக இருப்பதற்குத்தான் அதிக விலை தருவார். மாற்றத்துக்குச் செலவழித்த காசு யாருக்கும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஒரு தம்பி, ஓசூரில் ஒரு கம்பெனியில் சிஎன்சி புரோகிராமர், முப்பது வயதுக்குள். காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டி பட்டறை வாசலிலேயே நின்றது. அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, முதல்ல ஃபைல் பாக்கலாங்களா?" என்றார். மாஸ்டரின் நீல ஃபைல், அதோடு நான் சேர்த்த இரண்டு பச்சை ஃபைல். ஒர்க் பெஞ்சில் இருந்த இரும்புச் சுருளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் படித்தார். டீ ஆறிப்போனது. நடுவில் தலையைத் தூக்கி, "2019-ல பின்பக்கம் அடிச்சிருக்கீங்க. அதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்குதுங்களா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வெட்டின தகரம், புதுத் தகடு, வெல்டிங். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

பிறகுதான் வண்டிப் பக்கம் போனார். பையிலிருந்து வேஸ்ட் துணி சுற்றிய காந்தத்தை எடுத்துச் சக்கர வளைவு நெடுக ஓட்டினார், எங்கும் நழுவவில்லை. பட்டி போட்டிருந்தால் அந்த இடத்தில் காந்தம் பிடி விட்டிருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் கை வைத்துத் தடவினார். காய்ந்து கிடந்தது. அவினாசி ரோடு வரை ஓட்டி வந்தார். திரும்பி வந்து எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் 4,20,000 சொல்லியிருந்தேன். 2027 ஜூனில் ஆர்.சி. முடியும், புதுக் கட்டணம் 10,000, டயர் அடுத்த வருஷம் மாற்ற வேண்டும், ஏர் ஹோஸ் ஒன்று வெடிப்பு விடுகிறது என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தது. 3,85,000-க்கு முடித்தோம். 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி. அவர் பெயருக்கு மாறிய செய்தி வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பெயர் மாற்றாமல் சாவியை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். நாளைக்கு ஏதாவது விபத்து என்றால் போலீஸ் வந்து நிற்பது உங்கள் வாசலில்.

கணக்கு இது. வாங்கியது 1,45,000. மேலே சொன்ன வேலைகள் 2,43,000, வருஷ சர்வீஸ் எல்லாம் சேர்த்து 77,000, இன்ஷூரன்ஸ் 60,500, இரண்டு முறை ஆர்.சி. புதுப்பித்த செலவு 9,000, மொத்தமாக வண்டி தின்றது 3,89,500. ஆகப் போட்டது 5,34,500, வந்தது 3,85,000. பெட்ரோலைச் சேர்க்காமல் 1,49,500 என் கையிலிருந்து போயிருக்கிறது. பதினொன்றரை வருஷம், 68,000 கி.மீ. வருஷத்துக்கு 13,000 ரூபாய், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 20 காசு. லாபம் கிடையாது. ஆனால் இதே காலத்தில் புதுக் கார் வாங்கிய என் மச்சானுக்கு, விலையில் கழிந்தது மட்டுமே இதைப்போல மூன்று மடங்கு. முதலீடு என்று நினைத்து இதில் இறங்குகிறவர் தங்கம் வாங்கட்டும். அருமையான ஒரு எஞ்சினைப் பதினொரு வருஷம் வைத்துக்கொள்ள வருஷம் 13,000 சரியா என்று கேட்டால், என் பதில் சரி என்பதுதான்.

இந்த வகையில் வேறு எது வாங்கலாம் என்றும் கேட்கிறார்கள். ஃபியட் பாலியோ 1.6, ஸ்டீயரிங்கும் ரோட்டுப் பிடிப்பும் விடெக்கை விட நன்றாகவே இருக்கும், விலை இன்னும் ஏறவில்லை. உதிரி பாகம் தேடும் பொறுமை இருந்தால் எடுங்கள். மாருதி பலேனோ, அந்த 1999-இல் வந்த செடான், நாலில் பராமரிப்பு மிகச் சுலபம் இதற்குத்தான். மிட்சுபிஷி சீடியா 2 லிட்டர், ஓட்ட ஆனந்தம், பாகத்தின் விலை கேட்டால் மயக்கம் வரும். ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், டர்போ, 150 குதிரைத்திறன். நல்ல மெக்கானிக் கூடப்பிறந்தவராக இருந்தால் மட்டும்.

விடெக்கே வேண்டும் என்றால்: ஃபைலோடு, துரு இல்லாமல், பெயின்ட் வேலைக்குப் படம் இருந்து, ஆர்.சி. மூன்று வருஷமாவது மீதி இருந்தால் நாலு லட்சம் வரை கொடுக்கலாம். ஃபைல் இல்லை, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் இரண்டுக்கு மேல் போக வேண்டாம். பட்டி போட்ட வண்டி என்ன விலைக்கும் வேண்டாம்.

போன வாரம் ஓசூரிலிருந்து ஒரு படம் வந்தது. அங்கே நல்ல மழையாம். வலது பின் சக்கர வளைவை டார்ச் அடித்து எடுத்திருந்தார். "அண்ணா, இங்க ஈரம் நிக்குது. துளை எந்த இடத்துல வருமுங்க?" படத்தில் வட்டம் போட்டு அனுப்பினேன், ஈர்க்குச்சியால் குத்திவிட்டு ஆயில் தடவச் சொன்னேன். சாயங்காலம் இன்னொரு படம்: பச்சை ஃபைலின் கடைசிப் பக்கம், தேதி, 1,54,310 கி.மீ., "வடிகால் சுத்தம் செய்தது" என்று அவர் கையெழுத்தில்.